என் வாயில் அடுத்தவர் சத்தியம்

மேடையில் மொழிபெயர்ப்பவனின் பிழைப்பு இதுதான்: பேசுகிறவர் "நான்" என்றால், இவனும் கூசாமல் "நான்" என்று சொல்ல வேண்டும். எட்டாவதோடு பள்ளியை விட்டு, பஸ் போர்டையும் பழைய பேப்பரையும் வைத்துக் கன்னடம் படித்தவன் நான். ஒக்கலிபுரத்தில் எங்கள் தமிழ்ச் சபைக்கு இருபது வருடம் இந்த வேலையைச் செய்தேன். கிடைத்தது சால்வையும் பிரியாணிப் பொட்டலமும். அடுத்தவர் பேச்சுக்காக உதை வாங்கிய அன்பர்களே, இது உங்களுக்காக.

குடிகாரன்

வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் சாட்சி சொன்னார். கன்னடத்தில் அவர், தமிழில் நான்: "நான் குடித்தேன். மனைவியை அடித்தேன். அவள் தாலியை விற்றேன்." அவர் அழுத இடத்தில் நானும் அழுதேன், அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. பெண்கள் பக்கத்தில் என் மனைவி கிரேஸ் முக்காட்டுக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சபைக்குப் புதிதாக வந்திருந்த ஓர் அம்மா அதை அழுகை என்று நினைத்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். ஆராதனை முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"போனது போகட்டும் பிரதர். முதல்ல அந்தப் பொண்ணுக்கு ஒரு தாலி வாங்கிப் போடுங்க."

ஒரு புத்தகம், இரண்டு கை

கிரேஸ் போய் இரண்டு வருடம் கழித்துத் தேர்தல் வந்தது. எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு ரோட்டுப் பக்கம் சுவர் கிடையாது. கோழிக்கடைக்காரர் இறகு கொட்டுவார். சரக்கு ஆட்டோக்கள் உள்ளே வந்து திரும்பும். அந்த ஓரத்தில்தான் கிரேஸ் இருக்கிறாள். ஒருநாள் அவள் சிலுவையில் எந்த டிரைவரோ சட்டையைக் காயப்போட்டிருந்தார்.

வேட்பாளர் சாலமன் அண்ணா கன்னடக்காரர், கிறிஸ்தவர். கழுத்துச் சிலுவை பெரியது, கார் அதைவிடப் பெரியது. எங்கள் சபை மேடையில், "ஜெயித்தால் மூன்று மாதத்தில் சுவர். ஆண்டவர்மேல் ஆணை" என்றார். அவர் வேதப்புத்தகம் கொண்டுவரவில்லை. ஆகவே என் கையிலிருந்ததன்மேல் கையை வைத்தார். என் புத்தகமாயிற்றே, நானும் விடவில்லை. "நான் சத்தியம் செய்கிறேன்" என்று என் வாய் சொன்னது. கிரேஸை நினைத்ததும் குரல் தேய்ந்தது. சாலமன் அண்ணா என் காதருகே சாய்ந்தார். ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"ஸ்வல்ப ஜோரா ஹேளி சார், சத்தமா சொல்லுங்க, பின்னாடியும் ஓட்டு இருக்கு."

பூக்காரம்மா

அவர் ஜெயித்தார். மூன்று மாதம் ஆறானது. செங்கல் ஒன்றுகூட வரவில்லை. சனங்கள் யாரும் அவரிடம் போகவில்லை. அவர் வீட்டுக்கு இரும்புக் கேட்டும் உண்டு, காவலாளியும் உண்டு. எனக்கு இரண்டும் கிடையாது. பூ விற்கும் ரோஸம்மா அக்காதான் முதலில் என்னிடம் வந்தார். அவர் புருஷன் கல்லறை கிரேஸுக்கு அடுத்தது. வாய் மட்டும்தான் என்னுடையது, சத்தியம் அவருடையது என்று விளக்கிப் பார்த்தேன்.

"அவரு கன்னடத்துல பண்ணதை அவரு சனம் கேக்கட்டும். எனக்குத் தமிழ்ல சத்தியம் பண்ணது நீதான் தம்பி."

ஜெப நேரம்

வேறு வழியில்லாமல் சாலமன் அண்ணா வீட்டுக்குப் போனேன். வராந்தாவில் அவருடைய உதவியாளர் என்னை நிறுத்தி, "ஐயா ஜெபத்துல இருக்கார்" என்றார். உள்ளே டிவியில் கிரிக்கெட் ஓடுவது தெருவுக்கே கேட்டது. காத்திருந்தேன். திடீரென்று உள்ளேயிருந்து "சிக்ஸர்!" என்று ஐயாவின் குரல். உதவியாளர் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை.

"ஆவியில ரொம்ப அனலா இருக்கார். அடுத்த வாரம் வாங்க."

அறுப்பின் பண்டிகை

அந்த வருடம் எங்கள் அறுப்பின் பண்டிகைக்கு அவர்தான் சிறப்பு விருந்தினர். காணிக்கையாய் வந்து ஏலத்துக்குக் காத்திருந்த பூசணிக்காய்களுக்கு நடுவே நின்று கன்னடத்தில் முழங்கினார்: "நான் தேவனுக்குப் பயந்தவன். சொன்ன சுவரைக் கட்டி முடித்துவிட்டேன்." சொல்லிக்கொண்டே பழக்கதோஷத்தில் என் புத்தகத்துக்குக் கை நீட்டினார். நான் அதை மறு கக்கத்துக்கு மாற்றினேன். அவர் கை பூசணிக்காயின் மேல் இறங்கியது.

முன்வரிசையில் ரோஸம்மா அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். போதகர் கண்ணைக் காட்டி அவசரப்படுத்தினார். சாலமன் அண்ணா "ஹேளி, ஹேளி" என்றார். மைக்கைப் பிடித்தேன். "இதை என் வாயால் சொல்ல மாட்டேன். காலையில்தான் கிரேஸுக்குப் பூ வைத்துவிட்டு வந்தேன். அங்கே சுவர் இல்லை." ரோஸம்மா அக்கா எழுந்து நின்றார்.

"இருபது வருஷத்துல இன்னைக்குத்தான் தம்பி நீ பேசிக் கேக்குறேன்!"

அதற்குப் பிறகு என்னை எந்த மேடைக்கும் யாரும் கூப்பிடவில்லை. சுவர் மட்டும் அடுத்த மாதமே எழும்பி, சாலமன் அண்ணா பெயர் பொறித்த கல்லோடு கிரேஸை எட்ட நாலடி இருக்கும்போதே பாதியில் நின்றுவிட்டதால், அவருக்காக நான் செய்யும் ஜெபத்தையும் ஆமென் சொல்லாமல் பாதியிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன்.