ஏழுமலை கைக்கு மட்டும் விழுந்த கியர்

கியர் விழாமல் பல்லைக் கடிக்கும் அந்தச் சத்தத்தை இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அடையாளம் சொல்லிவிடுவேன். "கர்ரக்" என்று ஓர் உறுமல், உடனே வண்டி ஒரு குலுக்கு குலுக்கும், பெட்ரோலும் சூடேறிய ஆயிலும் கலந்த வாடை எழும்பும். செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டை ஒட்டிய ஒரு பெரிய வீட்டின் காம்பவுண்டுக்குள் அந்த வாடையோடு சேர்த்தே நான் சோறு தின்று வளர்ந்தேன். முதலாளியின் கார் ஷெட்டில் பாதி காருக்கு, மீதி எங்களுக்கு. நடுவில் இருந்த செங்கல் சுவர் கூரை வரைக்கும்கூட எட்டாது.

அது லேசுப்பட்ட கார் இல்லை. இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் பதுங்கிக் கிடக்கும் சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார். முதலாளியின் அப்பா காலத்தில் கப்பலில் வந்ததாம். ஊரில் அதற்கு "தவள வண்டி" என்று பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் டிரைவரான என் நைனா ஓட்ட, முதலாளி பக்கத்தில் உட்கார்ந்து சீயமங்கலம் வரைக்கும் காற்று வாங்கிவிட்டு வருவார். கியர் லிவரையும் அடியில் இருக்கும் கியர் பாக்ஸையும் இணைக்கிற ராடு தேய்ந்து "லொடலொட"வென்று ஆடியதால், லிவர் ஒரு பக்கம் போனால் கியர் வேறு பக்கம் போகும். இரண்டாவது கியர் வேண்டுமானால் லிவரைத் தன் பக்கம் இழுத்து, லேசாகத் தட்டி, ஒரு மூச்சு பொறுத்து, பிறகு தள்ள வேண்டும். அந்தப் பக்குவம் நைனாவின் கைக்கு மட்டுமே இருந்தது. முதலாளியின் தம்பி மகன் ஒருமுறை வீம்புக்கு எடுத்துப் போய், ரிவர்ஸில் மாட்டிக்கொண்டு, பஸ்ஸெல்லாம் ஹாரன் அடிக்க நடுரோட்டில் நின்றார். "என் வண்டி ஏழுமலை கைக்குத்தான் அடங்கும்" என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நைனாவும் கூடவே சிரிப்பார்.

முதலாளி நல்லவர். எங்களைப் பிடித்த கேடே அதுதான். வாடகை கேட்டதில்லை, என் பள்ளிக்கூடச் செலவைப் பார்த்துக்கொண்டார், தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுத்தார். திட்டுகிற மனுஷராக இருந்தால் முறைத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். அன்பாக இருப்பவரிடம் என்ன சொல்லிக் கிளம்புவது? அவலூர்பேட்டையிலிருந்து மினி பஸ் ஓட்ட நைனாவைக் கூப்பிட்டபோது, "தாராளமாப் போ ஏழுமல. இந்த வண்டிய ஓட்ட ஒரு ஆளக் காட்டிட்டுப் போ" என்றார். வந்த டிரைவர்கள் எல்லோரும் ஒரு "கர்ரக்"கோடு இறங்கிப் போனார்கள், மினி பஸ்ஸுக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். இருட்டுவதற்குள் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், என் சிநேகிதிகள் யாரும் உள்ளே வரக் கூடாது. எந்தெந்த ஊரிலிருந்தோ வந்தவர்கள் கோட்டை மலையில் ஏறி இறங்குவதை மதிலுக்கு மேலே பார்க்கையில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் எட்டாவது முடித்த கோடை லீவில்தான் முதலாளியின் மனைவி என் தலையைத் தடவிக்கொண்டே நைனாவிடம் சொன்னார்: "பத்தாவது முடிச்சதும் இவள நம்ம வூட்டோடவே வெச்சிக்கிறோம் ஏழுமல. கூடமாட ஒத்தாசையா இருப்பா. ஒனக்கும் கவல வுட்டுது." அதில் துளி கெட்ட எண்ணம் கிடையாது. நைனா "சரிங்கம்மா" என்றார். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு முதலாளி குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்குப் போனார். நைனா காரை ஜாக்கியில் தூக்கி, கருங்கல் முட்டுக் கொடுத்து, என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார். "லிவர நியூட்ரல்ல புடிச்சிக்க பாப்பா. நான் சொல்ற வரிக்கும் ஆடக் கூடாது" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் நுழைந்தார். லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கிய புது புஷ்ஷை, ராடின் ஆட்டத்தை நிறுத்தும் வளையத்தை, மாட்டி, ராடின் நீளத்தை நட்டைத் திருகித் திருகிக் கூட்டிக் குறைத்தார். மேலே லிவர் துளி அசைந்தாலும் கீழே கணக்குத் தப்பிவிடும். ஷெட்டின் தகரம் வெயிலில் கொதித்தது, தொடை சீட்டோடு ஒட்டிக்கொண்டது, கை மரத்துப்போனது. கீழே மனுஷர் படுத்திருக்கும்போது எழுந்து ஓடவும் முடியாது.

அம்மா சொம்பில் தண்ணீரோடு வந்தாள். கொடுக்காமல் நின்றாள்.

"வேணாம்யா. இது சரியாயிட்ச்சின்னா நம்மள எதுக்கு வெச்சிருப்பாங்க?"

வண்டிக்கு அடியிலிருந்து நைனாவின் குரல் வந்தது. "அதுக்குத்தான்."

"நம்ம சோத்துல நாமளே மண்ண அள்ளிப் போட்டுக்கணுமா?"

ஸ்பேனர் திரும்பும் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா அழுதாள், எனக்கும் பயமாக இருந்தது, ஆனாலும் நான் லிவரை விடவில்லை.

மறுநாள் நைனா முதலாளியின் தம்பி மகனைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார். அவர் பயந்து பயந்து எடுத்தார். முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது எல்லாம் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல விழுந்தன. ஒரு சுற்றுப் போய்விட்டுச் சிரித்த முகத்தோடு வந்து இறங்கினார். முதலாளிக்கும் சந்தோஷம்தான், கொஞ்ச நேரத்துக்கு. பிறகு நைனாவைப் பார்த்தார்.

"இவ்வளவு வருஷமா ஏன்டா இதச் செய்யல?"

"எனக்கும் அது அப்டியே இருந்தாத் தேவலன்னு இருந்துதுங்கய்யா," என்றார் நைனா.

ஓட்ட ஆளைக் காட்டிவிட்டேன், வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று கும்பிட்டார். அந்த வாரமே தட்டுமுட்டுச் சாமான்களை ஒரு டயர் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு சிங்கவரம் பக்கம் ஒற்றை அறைக்குக் குடிபோனோம். மழைக்கு ஒழுகும் அறை. நைனா நிலையான வேலை கிடைக்காமல், லோடு ஆட்டோ ஓட்டி நாளைத் தள்ளினார். அம்மா அவரோடு முகம் கொடுத்துப் பேசவே வெகுகாலம் பிடித்தது.

இப்போது அந்தக் காம்பவுண்டு இல்லை. கோட்டை பார்க்க வருகிறவர்களுக்கான லாட்ஜ் நிற்கிறது. காரை யாரோ வாங்கி லாரியில் ஏற்றிப் போனதாகக் கேள்வி, நைனாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்படி எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விடுவது வழக்கம். நைனாவுக்காக விடுகிறேன், மற்றதற்கு எனக்கு வரவில்லை.

அம்மாவுக்கு மட்டும் மனசு கேட்காது. இன்றைக்கும் கரண்ட் பில் வரும்போதெல்லாம், ஷெட்டில் இருந்தபோது பத்துக் காசு கட்டியதில்லை என்று புலம்புவாள். போன மாதம் நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது மறுபடி ஆரம்பித்தாள். "அப்போ அங்கயே இருந்திருக்கலாமாம்மா?" என்று எரிச்சலோடு கேட்டேன். அவள் என் யூனிஃபார்மின் காலரை மடித்துவிட்டாள்.

"அந்த மனுசன் அன்னிக்கு என் பேச்சக் கேட்டிருந்தா, நீ இன்னும் அந்தூட்டு ஏனம் பாத்திரத்தத்தான் தேய்ச்சினு இருப்ப."