நோர்வே ரிக்கற்றில் நான் ஒட்டும் மூன்று நம்பர்கள்

ஒரு கையில் பசைப் போத்தல், மற்றக் கையில் ரிக்கற் கவர். ஒட்டுகிற நேரம் ஒட்டி, இடையில் விரலைத் துடைத்துப்போட்டு இதை எழுதுகிறேன். லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு பலசரக்குக் கடையின் பின்பக்கம், அரிசி மூட்டைகளுக்கு அங்கால, பிளேன் ரிக்கற் விற்கிற மேசை எங்களுடையது. ரிக்கற் மட்டும் விற்கிறோம் என்று நினைக்காதேங்கோ. போகிறவரின் பயத்தையும் சேர்த்துத்தான் கட்டிக் கொடுக்க வேண்டும். மேசைக்குப் பின்னால் இருந்து சனத்துக்குப் பதில் சொல்லிப் பிழைக்கிறவைக்கு இது விளங்கும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆட்களோடு கதைக்கவும் கூச்சம். இங்கிலிஸ் எல்லாம் முதலாளி அண்ணையின் பாடு, ஒட்டுகிறது என் பாடு. நோர்வே போகிற கவர் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு: நெருப்புக்கு 110, பொலிசுக்கு 112, அம்புலன்சுக்கு 113.

எதை முதல் அடிக்கிறது?

ஒஸ்லோவில் இருக்கும் மகனிடம் போக ஒரு ரிட்டயர் வாத்தியார் வந்தார். துண்டைக் கண்ணாடி போட்டும் கழற்றியும் வாசித்தார். வீடும் எரிந்து, கள்ளனும் வந்து, தனக்கு நெஞ்சும் நொந்தால் முதலில் எதை அடிப்பது என்று கேட்டார். நான் துண்டைத் திரும்ப ஒருக்கா வாசித்துப் பார்த்தேன். கவரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பினார்.

“பிள்ளை, சாகிறதெண்டால் லண்டன்தான் சுகம். எல்லாத்துக்கும் ஒரே நம்பர்.”

பஸ் மாதிரிப் பிளேன்

வடக்கு நோர்வேயில் மீன் தொழிற்சாலைகளில் எங்கட சனம் நிறைய. அந்த ஊர்களுக்குப் போகிற சின்னப் பிளேன் எங்கட பஸ் மாதிரி. இறங்கி, ஆள் ஏற்றி, திரும்பவும் எழும்பும். இதை நான் செல்வம் அக்காவுக்குச் சொல்ல மறந்துபோனேன். தம்பியைப் பார்க்கப் போன மனுசி, முதல் இறக்கத்தில் முன்சீற்றுக்காரர் எழும்ப, தான் மட்டும் குந்தியிருப்பது மரியாதையில்லை என்று தானும் இறங்கிவிட்டார். கையில் முறுக்கு வாளி, காலடியில் பனி, பிளேன் போய்விட்டது.

துண்டைப் பார்த்து 112 அடித்து, தெரிந்த இங்கிலிசில் அழுதிருக்கிறார். பொலிஸ் வந்து, சூடான அறையில் இருத்தி, அடுத்த பிளேனில் ஏற்றிவிட்டதாம். திரும்பி வந்து என்னைத்தான் பிடித்தார்.

“பொலிஸ் தேத்தண்ணி ஊத்தித் தாற நாட்டுக்கு, நீ என்னத்துக்கடி நம்பர் எழுதி வெருட்டினனி?”

அதன் பிறகு, எத்தனையாவது இறக்கம் என்றும் கவரில் எழுதுகிறேன்.

வியாபார லைன்

அந்தப் பிளேனின் மூன்றாவது இறக்கத்தில்தான் என் தங்கச்சி வாசுகி. புருஷன் மீன் தொழிற்சாலையில் ஷிப்ட். அவளுக்கு இது முதல் பிள்ளை. அந்த ஊரில் பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரி இல்லை. 113 அடித்தால் அம்புலன்ஸ் பிளேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். பேறுக்கு இரண்டு கிழமை இருக்கிறதென்று, வாற வெள்ளிக்கு எனக்கும் ரிக்கற் எழுதியாச்சு.

அவளும் என்னைப்போலக் கூச்சக்காரி. அதனால் கடைப் போனில் நான் 113 ஆக இருந்து, “ஓம், சொல்லுங்கோ, எங்கை நோகுது?” என்று கேட்டுப் பழக்குவேன். இது வியாபார லைன், கெதியா வை என்று முதலாளி அண்ணை அங்கால நின்று புறுபுறுப்பார். இவ்வளவு மெல்லமாகச் சொன்னால் பிளேன் வராதென்று ஒருநாள் அவளை ஏசினேன்.

“அண்ணைக்குக் கேக்கும் எண்டு நீயும் குசுகுசுக்கிறாய், எனக்குப் பாடமோ?”

நேற்றுக் காலமை

போன் அடித்தது. வாசுகி. நோகுதாம், தண்ணிக்குடம் உடைந்துவிட்டதாம், வீட்டில் தனியவாம். 113 அடிச்சியோ என்று கேட்டேன். இல்லையாம்.

“அவைக்கு என்னைத் தெரியாதே, அக்கா.”

லண்டனிலிருந்து எனக்கு அந்த நம்பர் அடிக்க ஏலாது. அவள் போனை வைத்தால்தான் 113 அடிக்கலாம், வைக்கிறாளில்லை. கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கக் கத்தினேன்: “செல்வம் அக்காவைத் தெரிஞ்சே தேத்தண்ணி குடுத்தவங்கள்? அடி!” கத்திப்போட்டு நானே டக்கென்று வைத்துவிட்டேன். நோகிறவளைத் தனிய விட்டுப் போனை வைத்த பாவி என்று நின்று அழுதேன்.

முதலாளி அண்ணை ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். “நான் சொல்லி ஒருநாளும் வையாதனீ, இண்டைக்குத்தான் சரியான நேரத்திலை வைச்சாய்.”

பின்னேரம் அவளின் புருஷன் எடுத்தார். அவளே அடித்திருக்கிறாள், பிளேன் வந்து ஏற்றியாச்சு, தானும் பின்னால் போகிறாராம், பிறந்தவுடன் எடுக்கிறாராம். பிறகு போன் அடிக்கவேயில்லை. இன்று காலையிலிருந்து அண்ணை போன் எடுக்கிற ஆட்களை எல்லாம் இரண்டு சொல்லில் முடித்துப் போனை வைக்கிறார், லைன் வெறுமையாக இருக்க வேண்டுமாம். நான் என் கவரிலேயே அந்தத் துண்டை மூன்று தரம் ஒட்டிவிட்டேன்.

இவ்வளவு நாள் ஒட்டினதில் நான் கண்டது, எந்த நாட்டில் எத்தனை நம்பர் இருந்தாலும் பதறினால் எங்கட சனத்தின் விரல் தெரிந்த ஆளிடம்தான் முதலில் ஓடும், அதனால் இனி அந்தத் துண்டில் நாலாவதாக எங்கட கடை நம்பரையும், இந்தா, அண்ணை கூப்பிடுகிறார், “பிள்ளை, ஓடி வா, போனிலை குழந்தை அழுகிறது இஞ்சை வரைக்கும் கேக்குது,” நான் பிறகு