வாசலுக்கு வாசல்

தெய்வசிகாமணியை ரெட்டியார்பாளையத்தில் பலருக்குப் பிடிக்காது. இருபத்தேழு வருஷமாகச் சென்னை விமான நிலையத்துக்கு வாடகைக் கார் ஓட்டுகிறார். பாரிசுக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டால் விமானம் பறக்கும் நேரத்தைச் சொல்ல மாட்டார். அந்த வீட்டு வாசலிலிருந்து இந்த வீட்டு வாசல் வரை எண்ணிச் சொல்வார். பேர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று தானாகப் படிந்த கணக்கு. கேட்டவர்களுக்கு எரிச்சல்தான் மிஞ்சும்.

போன தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அதே ஊரில், பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற தொமினிக் இறந்துபோனார். ஆறு வருஷம் படுக்கையில் கிடந்தவரைப் பார்த்துக்கொண்டவள் மகள் மிரேய். மகன் தெயோ பாரிசில் இருந்தான். இருவரும் பேசி நாலு வருஷம் ஆகிறது. சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதுவதை மற்றவர் படிப்பதோடு சரி.

தெயோ அதில் எழுதினான்: "எட்டாயிரம் கிலோமீட்டர், பத்து மணி நேரம். இன்றிரவு ஏறி நாளை மத்தியானம் இறங்குவேன். அப்பா முகத்தை நான் பார்க்காமல் பெட்டியை மூடக் கூடாது." இணையத்தில் கண்ட எண். மிரேய் பதில் போட்டாள்: "புதன் மாலை ஐந்துக்குச் சர்ச்சில் பூசை, பிறகு அடக்கம்." அவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். டிக்கெட்டை அதன் பிறகுதான் வாங்கினான்.

கூட்டிவரச் சொல்லி அவன் அனுப்பிய டிக்கெட்டைப் பார்த்த தெய்வசிகாமணி போன் செய்தார்.

"தம்பி, இது நேரா வர்ற பிளேன் இல்ல. துபாய்ல மூணு மணி நேரம் குந்தணும். சென்னைல எறங்கவே நாலு. பாஸ்போர்ட் லைன் ஒரு மணி நேரம், ரோடு மூணு மணி நேரம். வீட்டு வாசல்ல ராத்திரி எட்டு."

"சைட்ல பத்துன்னுதான போட்டிருந்தான்."

"அது வானத்துல பறக்குற நேரம் மட்டும். வியாழக்கிழம காலைக்கு மாத்தச் சொல்லி அக்காகிட்ட கேளுங்க."

"நான் கேக்க மாட்டேன். நீங்க சொல்லுங்க."

ஐஸ் பெட்டியின் பக்கத்தில் மிரேய் உட்கார்ந்திருந்தாள். தெய்வசிகாமணி சொன்னதைக் கேட்டுச் சிரித்தாள்.

"அவனே ஊருக்கெல்லாம் எழுதுனான், வெரலத் தூக்கிக் காட்டுனான். இப்ப நான் மாத்தணுமா?"

"ஒரு ராத்திரிதான மதாம்."

"ஆறு வருஷம் நான் கழுவி எடுத்தேன். அப்ப எத்தன கிலோமீட்டர்னு பாக்கத் தோணல அவனுக்கு. சரி, வாயத் தொறந்து எங்கிட்ட கேக்கட்டும். மாத்துறேன். ஒங்க வேல வண்டி ஓட்றது, சிகாமணி. அத ஓட்டுங்க."

அப்படியே தெயோவிடம் சொன்னார். அவன், "வண்டியக் கொண்டாங்க" என்று போனை வைத்துவிட்டான்.

புதன்கிழமை ஐந்து மணிக்கு வெளியே வந்தவன் கையில் போன் இருந்தது.

"பாஸ்போர்ட் லைன்ல நின்னுகிட்டே அவகிட்ட கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"மூடியாச்சாம். கோயிலுக்குக் கெளம்பிட்டாங்களாம்."

வண்டி திண்டிவனம் தாண்டியது. பிறகு, "நீங்க எடுத்துச் சொன்ன லட்சணம் அப்படி. அவ ஆளுதான நீங்க" என்றான்.

வீட்டு வாசலில் வண்டி நின்றபோது எட்டுக்கு மூன்று நிமிஷம் இருந்தது. மிரேய் கதவுக்கு வந்தாள்.

"பத்து மணி நேரம் ஆயிடுச்சா தம்பி?"

தெயோ இறங்கவில்லை. "கல்லறைக்கு விடுங்க" என்றான்.

"ஏழு மணிக்கே பூட்டிடுவாங்க" என்று சொல்லிவிட்டு, தெய்வசிகாமணி அவன் பெட்டியை இறக்கி வாசலில் வைத்தார்.