காஞ்சிபுரத்துக்கு மின்சாரக் காரில்: நாற்பதா, அறுபதா?

வைகாசிப் பிரம்மோத்சவத்துக்கு மின்சாரக் காரில் போவது என்று முடிவெடுத்தவன் நான்தான். கார் வாங்கி ஐந்து மாதமாகியும் அது சென்னையை விட்டு வெளியே போனதில்லை. முழு சார்ஜில் எண்பது கிலோமீட்டர் ஓடும் என்று விற்றவர் சொல்லியிருந்தார். மாம்பலத்தில் எங்கள் வீட்டிலிருந்து சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் வாசல் எழுபத்து மூன்று. கழித்தல் தெரிந்தவனுக்குக் கவலையில்லை. அந்த எண்பது, மணிக்கு நாற்பதில் போனால் மட்டும்தான் என்று கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் கடைசிப் பக்கம்வரை படிக்கிறவன்.

கூட வந்தவன் என் மச்சினன் வரதன். பிழைப்பு சென்னையில், பிறந்தது சின்ன காஞ்சிபுரத்தில். புறப்பாட்டின்போது பெருமாளைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகளில் ஒருவன். உயரம் பார்த்துத்தான் இவர்களை நிறுத்துவார்கள். வாகனத்தைத் தாங்கும் முன் தண்டில் வலப்பக்கம் பதினெட்டு வருஷமாக வரதனுடையது. புறப்பாடு ஆறு மணிக்கு. ஐந்தே முக்காலுக்குத் தண்டருகே அவன் இல்லாவிட்டால் அதே உயரமுள்ள அடுத்த தெரு ரங்கன் தோள் கொடுத்துவிடுவான். ஒருமுறை கொடுத்த தோளைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லும் வழக்கம் அங்கே இல்லை.

வரதன் ஆபீசிலிருந்து வரத் தாமதமாகி, 3.25க்குக் கிளம்பினோம். 4.10க்குப் பூந்தமல்லி, பதினெட்டு கிலோமீட்டர். சார்ஜ் முள் முக்காலில் நின்றது. அதற்குக் கொஞ்சம் முன்பு, சாலை அகலமானதிலிருந்தே நாற்பதைப் பிடித்திருந்தேன். பஸ்கள் முந்தின. பிறகு ஒரு வைக்கோல் லாரி முந்தியது. வைக்கோல் மேல் படுத்திருந்தவர் எங்களைப் பார்த்துக் கையசைத்தார். வரதனால் அதைத் தாங்க முடியவில்லை.

“அத்திம்பேர், இது காரா, கல்யாண ஊர்வலமா?”

“நாற்பதுதான் இதுக்கு ஒத்துக்கும்.”

“அறுபதுல போனா சீக்கிரம் போகலாமா, முடியாதா? அதைச் சொல்லுங்கோ.”

போகலாம் என்று எல்லாப் பள்ளிக்கூடத்திலும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பூந்தமல்லி தாண்டும்போதே அழுத்தினேன். இருபத்திரண்டு கிலோமீட்டரை இருபத்திரண்டு நிமிஷத்தில் கடந்து, 4.32க்கு ஸ்ரீபெரும்புதூர். முள் மூன்றில் ஒரு பங்குக்கு வந்திருந்தது. போக வேண்டியது இன்னும் முப்பத்து மூன்று.

ஒரு டீக்கடையில் நிறுத்தி, கொஞ்சம் கரண்ட் கிடைக்குமா என்று கேட்டேன்.

கடைக்காரர் காரைச் சுற்றி வந்தார். “சார்ஜ் பண்ணிக்கினு ஓட்றதா? எத்தினி நேரம் ஆவும்பா?”

“முழுசா ஏற எட்டு மணி நேரம்.”

“அதுக்குள்ள நான் நடந்தே காஞ்சிபுரம் போய் இட்லி துன்னுட்டுப் படுத்துக்கினு இருப்பேன்பா.”

இரண்டு டீ குடித்தோம். வேகம் ஒன்றரை மடங்கானால் காற்றின் எதிர்ப்பு இரண்டு மடங்குக்கும் மேலாகிறது என்று வரதனுக்கு விளக்கினேன். அவன் டம்ளரை வைத்துவிட்டு யோசித்தான்.

“பெருமாளைத் தூக்கிண்டு நடக்கற நடை மாதிரிதான் அத்திம்பேர். கோயில் வாசல்லேயே ஓடிட்டா, பாதித் தெருவுல தோள் செத்துடும்.”

“இதைப் பூந்தமல்லியிலேயே சொல்லியிருக்கலாமே.”

“நீங்கோ எங்க கேட்டேள்?”

4.37க்குக் கிளம்பினோம். வேகம் முப்பத்தைந்து, ஏசி கிடையாது, காற்று உள்ளே புகுந்து இழுக்காதபடி கண்ணாடிகள் ஏற்றியாயிற்று. வைகாசி வெயில். மதம் மாறியவனின் தீவிரம் வரதனுக்கு வந்துவிட்டது. “முப்பத்தாறு ஆயிடுத்து!” என்று என் தொடையில் தட்டினான். ஒரு சைக்கிளை நாங்கள் முந்தியபோது அவன் கவலைப்பட்டான்.

5.31க்குக் காந்தி ரோட்டில், ஒரு பட்டுக்கடை வாசலில், காரை நிறுத்தினேன். நிறுத்தினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. கோயிலுக்கு இன்னும் ஒன்றரை கிலோமீட்டர்.

“உங்களை நடுரோட்டுல விட்டுட்டு எப்படிப் போறது?” என்றான் வரதன்.

“ரங்கன் இந்நேரம் குளிச்சிருப்பான்” என்றேன்.

பட்டு நூல் மூட்டையோடு வந்த மொபெட் ஒன்றைக் கைகாட்டி மறித்தான். “ஏறு சாமி. மூட்டை மேல குந்தாத, மொதலாளி என்னை தறியில கட்டிப்பூடுவாரு” என்றார் ஓட்டியவர். வரதன் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு போனான்.

பட்டுக்கடை ஆட்கள் இருவர் காரை ஓரமாகத் தள்ளிவிட்டு, உள்ளிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தார்கள். அதன் பிறகு எனக்கு வேலையில்லை. இதே வழியில் வர நினைப்பவர்களுக்காகக் கணக்குப் போட்டேன். பூந்தமல்லியிலிருந்து நாற்பதிலேயே வந்திருந்தால், டீயும் இல்லாமல், 5.33க்குக் கோயில் வாசலில் இறங்கியிருப்போம். முள்ளில் ஏழு கிலோமீட்டர் மிச்சமிருந்திருக்கும். அறுபதில் ஓடிய இருபத்திரண்டு கிலோமீட்டர், முப்பத்து மூன்றுக்கான சார்ஜைத் தின்றிருந்தது. ஆகவே, விற்றவர் சொல்லும் தூரத்தில் கால்பங்கைக் கழித்துவிட்டுப் பயணத்தைத் திட்டமிடுங்கள். நீளமான ஒயர் எடுத்துப் போங்கள். அவசரம் உள்ளவரை ஏற்றிக்கொள்ளாதீர்கள். ஏற்றினால் வேகமானியை அவர் பார்வையிலிருந்து மறையுங்கள். வைக்கோல் லாரிக்குப் பதில் கையசைத்துவிடுங்கள்.

கணக்கு முடிந்தும் ரங்கன் நினைவிலிருந்து போகவில்லை. ஏழு மணிக்கு, காந்தி ரோடு வழியாக வரும் புறப்பாட்டின் மேளம் கேட்டது. கூட்டம் விலக, குடை தெரிந்தது, பிறகு பெருமாள். எல்லோரும் பெருமாளைப் பார்த்துக் கைகூப்பினார்கள். நான் முதலில் முன் தண்டின் வலப்பக்கத்தைப் பார்த்தேன், பெருமாள் மன்னிப்பார்.

வரதன் நின்றிருந்தான். வேர்வையில் திருமண் கரைந்து மூக்குவரை இறங்கியிருந்தது. பேச முடியாது, தண்டு தோளில். என்னைப் பார்த்தான், ஒயரில் கட்டிப்போட்டிருந்த காரைப் பார்த்தான். பிறகு தண்டைப் பிடிக்காத கையைத் தூக்கி, கட்டைவிரலை மடக்கி, நான்கு விரல்களைக் காட்டினான்.