பவளத்தை வெளுத்தவன்

தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்ப்பவனுக்குப் பழுப்பு என்றால் அழுக்கு. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி, மயிரும் சதையும் கழன்று, அலசி அலசி வெள்ளையாக வெளியே வரும் தோல்தான் எங்களுக்குச் சுத்தமான தோல். அதற்கப்புறம்தான் சாயம், ஷேடு, விலை எல்லாம். ஆம்பூரில் பல வருடம் இப்படியே பார்த்துப் பழகிய கண்ணை, வேலூர் சத்துவாச்சாரியில் என் வீட்டுக் கடல் மீன் தொட்டிக்குள்ளும் விட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

தொண்ணூறுகளின் கடைசி அது. என் மனைவி வேலூரில் ஆஸ்பத்திரி நர்ஸ். தூத்துக்குடிக்காரி. "தண்ணியே இல்லாத ஆத்துக்குப் பாலாறுன்னு பேரு வேற" என்று எங்கள் ஊரைக் கிண்டலடிப்பாள். அவளுக்காகத்தான் சென்னையிலிருந்து உப்புத் தண்ணீர்த் தொட்டியை வாங்கி வந்து ஹாலில் வைத்தேன். இரண்டு மீன்கள், கொஞ்சம் பாறை, ஒரே ஒரு பவளம். காளான் குடை போல உள்ளங்கை அகலம், பழுப்பு நிறம். கடைக்காரர் அதை "லெதர் கோரல்" என்றதும் அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்காகவே வாங்கினோம். குடையின் மேல் சின்னச் சின்ன விரல்கள் விரிந்து ஆடும். டூட்டி முடிந்து வந்தால் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

எனக்கு அந்தப் பழுப்பு உறுத்தியது. ட்யூப் லைட்டின் மங்கலில்தான் அப்படித் தெரிகிறது, நல்ல வெளிச்சம் கொடுத்தால் தெளிந்துவிடும் என்று நினைத்தேன். கம்பெனி எலக்ட்ரீஷியனை வரவழைத்து, ஒரு பெரிய மெட்டல் ஹாலைடு விளக்கைத் தொட்டிக்கு மேலே தொங்கவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. ஷேடு பார்க்கிறவன் வெளிச்சத்தைப் பற்றி யாரைக் கேட்பான்?

போட்டதும் ஹால் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. சுவரெல்லாம் தண்ணீரின் நிழல் நெளிந்தது. "அப்படியே எங்க ஊரு காலை நேரம்" என்று அவளும் சந்தோஷப்பட்டாள். பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. தண்ணீர் சூடேறியது. மட்டம் மளமளவென்று இறங்கியது, ஊற்றி மாளவில்லை. கண்ணாடியில் பச்சைப் பாசி படிந்தது. மீன்கள் பாறைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன. பவளம் மட்டும் வெளுத்துக்கொண்டே வந்தது. சந்தன நிறமாகி, மோர் நிறமாகி, கடைசியில் சுத்த வெள்ளை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஷாப்பிலிருந்து இரண்டு பேரை வீட்டுக்குக் கூட்டி வந்து காட்டினேன்.

அவர்கள் இருக்கும்போதுதான் அவள் சொன்னாள்: "ஏங்க, அது விரலே விரிக்க மாட்டேங்குது. லைட்டைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க. ரத்தம் இல்லாத பேஷண்ட்டோட கண்ணைக் கீழ இழுத்துப் பார்த்தா இப்படித்தான் வெளுத்திருக்கும்."

"நர்ஸம்மாவுக்குப் பார்க்கறதெல்லாம் பேஷண்ட்டு" என்றேன் நான். "கலரைப் பத்தி உனக்கு இன்னா தெரியும்? போய் டீ போடு." நண்பர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் டீ போடப் போனாள்.

அந்த வாரம் வீட்டு ஜெபக்கூட்டம் எங்கள் முறை. சபையார் பாய் விரித்து, தொட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். பாட்டு முடிந்ததும், அழுக்காக இருந்த பவளத்தை எப்படி வெள்ளையாக்கினேன் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். பெரியவர் ஒருவர் அந்த அழகுக்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லி ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னோம்.

அவர்கள் போனபின், தட்டுகளை அடுக்கிக்கொண்டே அவள் சொன்னாள்: "மத்தியானம் எஸ்டிடி பூத்துல இருந்து மெட்ராஸ் கடைக்குப் பேசினேன். அந்தப் பழுப்பு அழுக்கு இல்லையாம். அது உடம்புக்குள்ளயே இருக்கற பாசியாம். அதான் அதுக்குச் சோறு போடுதாம். திடீர்னு இவ்ளோ வெளிச்சம் பட்டா அந்தப் பாசி போய்டுமாம். உடனே லைட்டை அணைக்கச் சொன்னார்."

"மத்தியானமே தெரியுமா? அப்புறம் ஏன் அணைக்கல?"

"எல்லார்கிட்டயும் காட்டணும்னு ஆசையா இருந்தீங்க. நாலு பேர் முன்னாடி உங்களை எப்படிங்க விட்டுக்கொடுக்கறது?"

எழுந்து போய் அவளே விளக்கை அணைத்தாள். நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். அவளை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுத்தவன் நான். அவளோ என் மானத்துக்காக, தனக்குப் பிடித்த ஒரே உயிர் கண்ணெதிரே வேகட்டும் என்று சாயங்காலம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

பழைய ட்யூப் லைட்டை மாட்டினோம். பலனில்லை. பவளம் சுருங்கி, குழைந்து, நாற்றமெடுத்துக் கரைந்தது. ஆஸ்பத்திரிக் கையுறையைப் போட்டுக்கொண்டு அவளே அள்ளி எடுத்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். சமையலறையில், யாரும் இல்லாதபோது. "சரி, விடுங்க" என்றாள்.

அடுத்த கூட்டம் வேறொரு வீட்டில். "அந்த வெள்ளைப் பவளம் எப்படி இருக்கு?" என்று அந்தப் பெரியவர் எல்லோர் முன்னாலும் கேட்டார். கரண்ட் கட்டானதில் செத்துப்போய்விட்டது என்றேன். அவர் என் மனைவியைப் பார்த்தார்.

"ஆமாங்க ஐயா" என்றாள் அவள். "கரண்ட்டுதான்."