கேமராவில் காய்ந்த சந்தனம்

மக்காச்சோளம் ஒடிக்கும்போது பட்டப்பகலில் தம்பியை நல்ல பாம்பு கடித்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரன் பைக்கை எடுத்தான். தம்பியை நடுவில் உட்கார வைத்து, பின்னால் நான் பிடித்துக்கொண்டு, எங்கள் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

விஷமுறிவு மருந்தை உடனே ஏற்றினார்கள். அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் தம்பிக்குக் கண் இமை சரிந்துகொண்டே வந்தது, பேச்சு குழறியது. டியூட்டி டாக்டர் சின்ன வயசுக்காரர். மதுரையில் இருக்கும் பெரிய டாக்டரிடம் வீடியோவில் காட்டிக் கேட்கலாம் என்றார். பூட்டியிருந்த ஓர் அறையைத் திறந்து, சக்கரம் வைத்த டிவியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதன் மேலே ஒரு கேமரா. அப்படி ஒன்று அங்கே இருப்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மதுரை டாக்டரின் முகம் தெளிவாக வந்தது. அவருக்குத்தான் நாங்கள் சரியாகத் தெரியவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, ஆள் மஞ்சளாக இருக்கிறாரே, ஏற்கனவே காமாலை உண்டா என்று கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். அடுத்து, சுவரும் மஞ்சளாக இருக்கிறதே என்றார்.

"அப்ப சுவத்துக்கும் காமாலை போல" என்று முனகினான் பக்கத்து வீட்டுக்காரன்.

நர்ஸம்மா அப்புறம்தான் கேமராவை உற்றுப் பார்த்தார். ஆயுதபூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் கண்ணாடி மேலேயே காய்ந்து கிடந்தன. ஆட்டோவுக்கும் பம்புசெட்டுக்கும் வைக்கிற மாதிரி, அதன் கண்ணிலேயே பொட்டு வைத்திருக்கிறார்கள். நகத்தால் சுரண்டி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார்.

துடைத்ததும் டாக்டரின் குரலே மாறியது. "கழுத்து நிக்கல. மூச்சு நின்னுரும். இப்பவே குழாய் போடுங்க, நான் பாத்துச் சொல்றேன்."

அவர் சொல்லச் சொல்ல, சின்ன டாக்டர் தம்பியின் தொண்டைக்குள் குழாயை இறக்கினார். நெஞ்சு ஏறி இறங்கியது.

நான் கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். எனக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. கடைத்தெருவில் பொங்கல் கரும்பு வந்து இறங்கிவிட்டது. ஆயுதபூசைச் சந்தனம் அப்படியே இருக்கிறது என்றால், அதற்குப் பிறகு ஒருத்தர்கூட அந்தக் கேமராவைப் போட்டுப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் மனைவியைக் கார்த்திகையில் மூச்சுத் திணறலோடு இதே இடத்துக்குத்தான் கொண்டுவந்தோம். இங்கே ஒன்றும் பண்ண முடியாது என்று மதுரைக்கு ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். திருமங்கலம் தாண்டவில்லை, போய்விட்டாள்.

கேட்டுவிட வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. பக்கத்து வீட்டுக்காரனே கேட்டான். சத்தம் போடவில்லை.

"சிஸ்டர், கார்த்திகையில இந்தப் பெட்டி எங்க இருந்துச்சு?"

"இங்கதாண்ணே இருந்துச்சு" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

தம்பி பிழைத்துவிட்டான். ஊரில் எல்லோரும் அந்தப் பெட்டியைப் புகழ்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. அவள் விதி அம்புட்டுத்தான் என்று ஒருவன் மனதைத் தேற்றி வைத்திருந்தான். அதையும் பிடுங்கிவிட்டார்கள். தம்பி வீடு திரும்பி இத்தனை நாளாகியும் பக்கத்து வீட்டுக்காரன் வந்து பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.