எது சின்னப் பாவம்

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பம்பாய் ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். வீடு மாதுங்காவில், அப்பாவுக்கு ரயில்வே கொடுத்த குவார்ட்டர்ஸ். கோயில் மட்டும் தாராவியில். திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களான நாங்கள் தேவாலயத்தைக் கோயில் என்றும், அதன் போதகரை ஐயர் என்றும்தான் சொல்வோம். அறுபதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்த என்னை அந்த ஐயர் கூப்பிட்டு, திடப்படுத்தல் வகுப்பில் பெண்பிள்ளைகளை நான்தான் நடத்த வேண்டும் என்றார்.

திடப்படுத்தல் என்பது எங்களுக்குப் பெரிய விஷயம். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு மாதம் பாடம் நடக்கும். பிறகு பிஷப் வந்து தலையில் கைவைத்து ஜெபிப்பார். அதற்குப் பின்தான் நற்கருணை அப்பமும் ரசமும் எடுக்க முடியும். திடப்படாதவர்களுக்கு ஐயரிடமிருந்து எந்தச் சான்றுக் கடிதமும் கிடைக்காது.

ஜெபம், கற்பனைகள் என்கிற பத்துக் கட்டளைகள், இதெல்லாம் எனக்குத் தெரியும். ஐயர் கொடுத்த குறிப்பில் கடைசி இரண்டு பாடங்களைப் பார்த்துத்தான் எனக்கு வியர்த்தது. ஒன்று மது. இன்னொன்று பரிசுத்தம். பரிசுத்தம் என்று எழுதியிருந்தாலும் அவர் எதைச் சொல்கிறார் என்பது புரிந்தது. அந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆபீஸ் பெண்கள் மதியச் சாப்பாட்டின்போது பேசிச் சிரித்ததில் காதில் விழுந்தது மட்டுமே. அதிலும் பாதி புரியாது. புரிந்த மாதிரி நானும் சிரித்துவைப்பேன்.

வகுப்பில் எட்டுப் பெண்கள். எல்லாரும் தாராவி. நான் தலையைக் குனிந்துகொண்டு குறிப்பைப் படித்தேன். ஒருத்தி எழுந்து, "லோக்கல் ரயில்ல கூட்டத்துல ஒருத்தன் வேணும்னே இடிக்கான், அது நம்ம பாவமா அவன் பாவமாக்கா?" என்று கேட்டாள். "அவன் பாவம்" என்றேன். "நாம தள்ளி நிக்காம இருந்தா?" என்றாள் இன்னொருத்தி. "தள்ளி நிற்க இடமில்லாவிட்டால்?" என்று நானே யோசிக்க ஆரம்பித்து, பதில் கிடைக்காமல், நேரமாகிவிட்டது என்று ஜெபம் பண்ணி முடித்தேன். எட்டுப் பேரும் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தது எனக்குக் கேட்டது.

மதுப் பாடம் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். பம்பாயில் அப்போது மதுவிலக்கு. டாக்டர் சீட்டுக் கொடுத்துப் பெர்மிட் வாங்கியவர்கள் மட்டுமே குடிக்கலாம். மற்றவர்களுக்கு வேண்டியதைத் தாராவியில் காய்ச்சினார்கள் என்பது ஊருக்கே தெரியும். வகுப்பு முடிவில் ஒவ்வொரு பெண்ணும் ஓர் உறுதிமொழி அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். 'நான் மதுவைக் குடிக்க மாட்டேன். காய்ச்சவோ, விற்கவோ, கொண்டுபோகவோ துணைபோக மாட்டேன்.' ஐயர் சொல்லி நான் என் கைப்பட எழுதிய வாசகம். பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டத்தான் தெரியும் என்பதால் நான் உரக்கப் படித்தேன். ஏழு பேர் போட்டார்கள், இருவர் இந்தியில். எட்டாவது பெண் பேனாவைத் தொடவில்லை.

அவள்தான் வகுப்பில் மூத்தவள். பதினேழு நடந்துகொண்டிருந்தது. அப்பா இல்லை. அம்மாவும் தம்பி தங்கைகளும் ஒரே அறையில் இருந்தார்கள். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு, தெற்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு எழுதிப் போட்டிருந்தாள். திடப்பட்டவள், ஒழுக்கமுள்ளவள் என்று ஐயர் கடிதம் கொடுத்தால் இடம் கிடைக்கும். அதற்காகவே தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு வந்து தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"யோசிச்சிட்டு வாரேன்க்கா" என்று அட்டையை மடித்து எடுத்துக்கொண்டாள். குடிக்க மாட்டேன் என்று எழுத என்ன யோசனை வேண்டிக் கிடக்கிறது என்று எனக்குக் கோபம் வந்தது.

அந்த வியாழக்கிழமை மாலை ஆபீஸ் முடிந்து, தையல்காரரிடம் ரவிக்கை வாங்குவதற்காக மாஹிமில் இறங்கினேன். ஸ்டேஷனுக்கு வெளியே கூட்டம். ஒரு போலீஸ் ஹவல்தார் லத்தியால் ஆட்களை ஒதுக்கி, நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்திக்கு வழிவிட்டார். சேலை, கழுத்தில் கல்யாணமான மராட்டிப் பெண்கள் போடும் கருகமணி, ஒரு கை இடுப்பில். அவள் என்னைத் தாண்டும்போது முகத்தைப் பார்த்தேன். எங்கள் எட்டாவது பெண்.

அவளும் என்னைப் பார்த்தாள். நின்று பேசவில்லை. வயிற்றைத் தூக்கிக்கொண்டு மெதுவாக நடந்து போய்விட்டாள். நான் ரவிக்கையை மறந்து வீட்டுக்கு வந்தேன். கருகமணி என்றால் மராட்டிக்காரனா? கல்யாணம் ஆகிவிட்டதா? போன ஞாயிற்றுக்கிழமை ஒல்லியாகத்தானே இருந்தாள்? பாவாடை தாவணியில் எனக்குத் தெரியாமல் போயிற்றா? எத்தனை மாதத்தில் எவ்வளவு தெரியும் என்பதுகூட எனக்குத் தெரியாது. நான்தான் பரிசுத்தத்துக்கு வாத்தியார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வகுப்புக்கு வந்தாள். பாவாடை தாவணி. வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது.

யாரிடமும் சொல்லாமல் அவளிடமே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நேரே ஐயரம்மாவிடம், அதாவது ஐயரின் மனைவியிடம் போய், "எனக்கு ஒண்ணும் புரியல" என்று எல்லாவற்றையும் கொட்டினேன். நாலு பிள்ளை பெற்ற ஐயரம்மாவுக்குப் புரிய அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"நீ கண்ணால பாத்தியாம்மா?"

"பார்த்தேன்."

"வியாழக்கிழமை இருந்தது ஞாயித்துக்கிழமை இல்லன்னா, என்னம்மா அர்த்தம்? கலைச்சிட்டா." அவர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "அதான் அட்டையில கையெழுத்துப் போடல. மனசாட்சி குத்தியிருக்கு."

வியாழக்கிழமை அவ்வளவு பெரிதாக இருந்தவள் மூன்றாம் நாள் வகுப்பில் வந்து சம்மணம் போட்டு உட்கார முடியுமா என்று இருவரில் ஒருவராவது யோசித்திருக்கலாம். ஐயரம்மாவுக்கு அதிர்ச்சி. எனக்கு அறிவு போதவில்லை. புதன்கிழமை சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு வரும்படி ஐயர் எனக்குச் சொல்லியனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை நான் அவளைத் தேடிப் போனேன். குழாயடியில் தண்ணீருக்கு நின்றுகொண்டிருந்தாள். ஓரமாகக் கூப்பிட்டு, திக்கித் திணறிக் கேட்டேன். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தாள்.

"புள்ளையா? அது பிளாடருக்கா."

ஃபுட்பாலுக்கு உள்ளே இருக்குமே, அந்த ரப்பர் பை. அதில் சரக்கை நிரப்பி வயிற்றில் கட்டிக்கொண்டு மாஹிமுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். வாரத்தில் இரண்டு நாள். பிள்ளைத்தாய்ச்சி மேல் ஹவல்தார் கைவைக்க மாட்டான் என்பதற்காக வயிறு. புருஷன் இருக்கிறான் என்று காட்டக் கருகமணி. முன்பு அவள் அம்மா கொண்டுபோனாள். போன வருஷம் பிடிபட்டு உள்ளே இருந்து வந்ததிலிருந்து இவள்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஒரு நிமிடம்தான். அட்டையில் அவள் ஏன் கையெழுத்துப் போடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எட்டுப் பேரில் அந்த வாசகத்தைக் காதில் வாங்கிக்கொண்டவள் இவள் ஒருத்தி.

"ஐயரிடம் இதைச் சொல்லிவிடு" என்றேன்.

"எப்பிடிக்கா சொல்லுவேன்? சபையில எந்த வீட்டுல சரக்கு இருக்குன்னு தெரிஞ்சாலும் நானே போலீஸ்ல போய்ச் சொல்லுவேன்னு பிரசங்கத்துல சொன்னாவள்லா."

சொன்னார். எனக்கும் ஞாபகம் இருந்தது. ஐயர் சொன்னால் செய்கிற மனிதர். வெறுமனே பயமுறுத்தத் தெரியாதவர்.

"அம்மைய இன்னொரு தடவ புடிச்சா லேசுல விட மாட்டானுவக்கா. தம்பி தங்கச்சிய யாரு பாப்பா?" பிறகு, "நீங்க பாத்தது வேற யாரோன்னு சொல்லிருங்களேன். முகம் சரியாத் தெரியலன்னு" என்றாள்.

நான் யோசிக்கவே இல்லை. "நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றேன். எவ்வளவு கம்பீரமாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையத் தோன்றுகிறது. சின்ன வயதிலிருந்து ஒரு பொய்கூடச் சொல்லாதவள் என்று வீட்டில் எனக்குப் பெயர். உண்மையைச் சொன்னால் கடவுள் ஒரு வழி காட்டுவார் என்று வேறு சொல்லிவைத்தேன்.

"அப்போ எது சின்னப் பாவம்னு சொல்லுங்கக்கா. சரக்கா, புள்ளையா? சின்னதா இருக்கறத ஒத்துக்கிடுதேன்" என்றாள்.

கேலியாகக் கேட்கவில்லை. நான் வாத்தியார், எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பிக் கேட்டாள். இரண்டு பாடத்தையும் நான்தானே நடத்தினேன். எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுவாவது உண்மை.

புதன்கிழமை ஐயர் வீட்டு முன்னறையில் நாங்கள் நாலு பேர். ஐயர் கோபமாக இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "மகளே, எதையும் மறைக்காம சொல்லு. இந்த அக்கா உன்னை மாஹிம்ல பாத்திருக்காங்க. உண்டா இல்லையா?"

"உண்டு ஐயரே."

"வயித்தோட பாத்ததாச் சொல்றாங்க."

அவள் என் பக்கம் திரும்பினாள். இப்போதாவது, 'நான்தான் தப்பாகப் பார்த்துவிட்டேனோ என்னவோ' என்று ஆரம்பித்திருக்கலாம். பொய் சொல்லப் பயம், உண்மையைச் சொல்லவும் பயம். மடியில் இருந்த கைப்பையின் கொக்கியைத் திறந்து திறந்து மூடினேன்.

"தப்புப் பண்ணிட்டேன் ஐயரே" என்றாள். "இப்போ ஒண்ணும் இல்ல."

ஐயரம்மா அழ ஆரம்பித்துவிட்டார். ஐயர் எழுந்து வந்து அவள் தலையில் கைவைத்து நெடுநேரம் ஜெபித்தார். யார் அவன் என்று அவர் கேட்கவே இல்லை. மனந்திரும்பினவளைத் துருவக் கூடாது என்பது அவர் கொள்கை. அவ்வளவு நல்ல மனிதரிடம் அவ்வளவு பெரிய பொய்யை அவள் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு வழி செய்து கொடுத்தவள் நான்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் ஐயர், 'தவறிப்போய்த் திரும்பி வந்த ஒரு மகளுக்காக' ஜெபம் ஏறெடுத்தார். பெயர் சொல்லவில்லை. சொல்ல அவசியமும் இருக்கவில்லை. ஐயரம்மா வாயிலிருந்து எப்படியோ கசிந்திருந்தது. பெண்கள் பக்கம் எல்லாத் தலைகளும் ஒரே இடத்துக்குத் திரும்பின. அவள் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். மகள் செய்யாத குற்றத்துக்குக் கோயிலே கண் மூடி ஜெபிக்கும்போது, அப்படி இல்லை என்று சொல்ல அவளால் முடியாது. கடைசியில் மற்றவர்களோடு சேர்ந்து ஆமென் சொன்னாள்.

ஐயர் என்னைப் பாராட்டினார். உன் வகுப்பு கனி கொடுத்திருக்கிறது என்றார். அவளுக்குத் திடப்படுத்தலும் உண்டு, கடிதமும் உண்டு என்றார். தமிழில் எழுதிக் கொடுத்து, இங்கிலீஷில் மாற்றி டைப் அடித்துக்கொண்டு வரச் சொன்னார். ஆபீசில் எல்லாரும் போன பிறகு அதைப் பிரித்துப் படித்தேன். 'ஒரு முறை ஒழுக்கத்தில் தவறி, அதை மறைக்காமல் அறிக்கையிட்டு, மனந்திரும்பியவள்' என்று ஒரு வரி இருந்தது. ஐயருக்கு உண்மையை மறைக்கத் தெரியாது. அந்த வரியோடு போனால் எந்த ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள்?

காகிதத்தை மெஷினில் மாட்டி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்த வரியை விட்டுவிட்டு அடித்தேன்.

மறுநாள் ஐயர் மூக்குக்கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை. "நான் சொன்னதெல்லாம் இருக்காம்மா?" என்றார்.

"எல்லாம் இருக்கு ஐயரே" என்றேன்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பொய் அவ்வளவு லேசாக வாயில் வந்துவிட்டது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடி எழுத்துக்கூட்டிப் படித்தாள். முடித்துவிட்டு மறுபடியும் மேலிருந்து படித்தாள்.

"ஐயர் அதையும் எழுதுவேன்னு சொன்னாவளேக்கா. இதுல இல்லியே."

"நான் விட்டுட்டேன். எல்லாம் இருக்குன்னு ஐயர்ட்ட சொல்லிட்டேன்."

எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவள் சந்தோஷப்படுவாள், கையைப் பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் உள்ளே ஒரு தடவை பார்த்தாள். அவள் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு குழாயடிக்குக்கூட அந்த அம்மா போவதில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அவள் கடிதத்தை மடித்தாள். குரலை உயர்த்தவில்லை. என்மேல் கோபம் இருந்ததாகவும் தெரியவில்லை.

"இந்தப் பொய்ய அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள்.